பரீட்சை முடியட்டும்

செப்டம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். நீயும் அம்மாவும் அப்பாவும் நலம்தானே?

ஞாயிற்றுக்கிழமைகளில் மாடி வீட்டு போனில் பேசும்போது வீட்டுக்காரர், அவர் மனைவி, ஒருவேளை அவர்கள் பூனையும்கூட உங்களைச் சுற்றி நிற்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. அதனால் ‘நல்லா இருக்கேன்’ என்பதற்கு மேல் எதுவும் வாயில் வருவதில்லை. மற்றதை உனக்கு எழுதுகிறேன். உனக்கு மட்டும். ஓட்டைவாய் என்று வீட்டில் நாங்கள் வைத்த பட்டப்பெயரை இனிமேலாவது பொய்யாக்கு.

முதல் செய்தியே மானக்கேடு. உன் அக்கா டிக்கெட் எடுக்காமல் பேருந்தில் போய் மாட்டிக்கொண்டாள். பின்வாசல் வழியாக ஏறி, ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில் உட்கார்ந்து, சில்லறையைக் கைக்குள் வைத்துக்கொண்டு கண்டக்டர் வருவார் என்று காத்திருந்தேன். சில்லறை வியர்த்துப்போனதுதான் மிச்சம். இங்கே கண்டக்டரே கிடையாதாம். ஏறும்போதே டிரைவர் பக்கத்தில் இருக்கும் பெட்டியில் காசைப் போட்டுவிட வேண்டுமாம். பரிசோதகர் வந்து நின்றபோது, “கண்டக்டர் இன்னும் வரலையே” என்றேன். அவர் என்னை ஏதோ மியூசியத்திலிருந்து தப்பி வந்தவள் மாதிரிப் பார்த்தார். என் அப்பா ஒரு கண்டக்டர் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். அது இன்னும் கேவலமாக இருந்திருக்கும்.

என் அறை கூரைக்கு அடியில் இருக்கிறது. தினமும் காலையில் எழுந்ததும் சரிவுக் கூரையில் ஓர் இடி. நெற்றிக்கு இந்நேரம் பழகியிருக்க வேண்டும், பழகவில்லை.

ஊரிலிருந்து நான் கிளம்பிய கார் நகர்ந்தபோது அப்பா அதன் பக்கவாட்டில் விரல்முட்டியால் தட்டினாரே, பஸ்ஸில் தட்டுகிற மாதிரி? ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் போ. முதல் தட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் கொஞ்சம் தாமதித்த மாதிரி இருந்தது. எனக்குத்தான் அப்படித் தோன்றியிருக்கும்.

அவர் தொண்டைக்கட்டு சரியாகிவிட்டதா? மறக்காமல் எழுது.

அக்கா


அக்டோபர் 6

அன்பு அக்காவுக்கு,

இங்கே நான், அம்மா, அப்பா மூவரும் நலம். உன் நெற்றியின் நலம் அறிய ஆவல்.

மன்னித்துவிடு. பேருந்துக் கதையை மட்டும் சொல்லிவிட்டேன். அதை எப்படி அடக்கிவைப்பது? அம்மா வழக்கம்போல், “எழுதப் படிக்கத் தெரிஞ்சவதானே, போர்டு போட்டிருப்பானே, பாக்க வேணாமா?” என்று டீச்சராகிவிட்டாள். அப்பாதான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “கண்டக்டர் இல்லாத பஸ்ஸா? அப்ப சில்லறைக்கு யாருதான்டா சண்டை போடுவா?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “தூங்கற மாதிரி நடிக்கிறவன அங்க என்ன பண்ணுவாங்களாம்? அதக் கேட்டு எழுது” என்றார்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? டிக்கெட் கேட்டு வரும்போது சிலர் கண்ணை மூடிக்கொண்டு குறட்டையே விடுவார்களாம். அப்பா எழுப்பவே மாட்டார். “எதுக்கு எழுப்பணும்? அவன் ஸ்டாப் வந்தா தானே முழிச்சுக்குவான். அப்ப கைய நீட்டிக்கலாம்” என்பார்.

தொண்டைக்கட்டு அப்படியே இருக்கிறது. சிரிக்கும்போதுகூடச் சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது. கூட்ட நேரத்தில் கத்திக் கத்தி வந்ததுதான், சுக்குத் தண்ணி குடித்தால் போய்விடும் என்கிறார். நேற்று முதல்முறையாக லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் போனார்.

பின்வாசலில் ஏறாதே.

தம்பி (ஓட்டைவாய் என்று இனிமேல் எழுத மாட்டேன்)


நவம்பர் 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அங்கே எல்லாரும் எப்படி?

அப்பா லீவு போட்டார் என்ற வரியைத்தான் உன் கடிதத்தில் நிறையத் தடவை படித்தேன். காய்ச்சலோடு டூட்டிக்குப் போகிறவர் ஆயிற்றே. டாக்டர் என்ன சொன்னார்?

என் புது அசட்டுத்தனத்தைக் கேள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் கான்கிரீட் கலந்து இரும்பு அச்சுகளில் ஊற்றிக் கட்டிகள் செய்கிறோம். அவற்றை நாலு வாரம் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவைத்துப் பிறகு இயந்திரத்தில் நசுக்கிப் பார்க்க வேண்டும். எவ்வளவு பாரத்தில் உடைகிறதோ அதுதான் அதன் பலம். நான் அச்சுக்கு எண்ணெய் தடவ மறந்துவிட்டேன். மறுநாள் கட்டி அச்சைவிட்டு வர மறுத்தது. சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்தபோது மூலைகள் எல்லாம் எலி கடித்த பன்போல ஆகிவிட்டன. ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் அதை எடுத்துக் கதவு காற்றில் அடிக்காமலிருக்க முட்டுக் கொடுத்துவிட்டார். இப்போது நான் செய்த பொருள் ஒன்றாவது பல்கலைக்கழகத்தில் தினமும் பயன்படுகிறது.

சந்தோஷமும் உண்டு. பக்கத்து அறையில் இருப்பவள் என் வகுப்புதான். அவளும் வெளிநாட்டுக்காரி, அவளும் வீட்டு நினைப்பில் மூக்கை உறிஞ்சுகிறவள். சுவர் மெல்லியது. அவள் உறிஞ்சினால் நான் சுவரைத் தட்டுவேன், இரண்டு தட்டு. அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் பதிலுக்குத் தட்டுகிறாள்.

போன ஞாயிறு போனில் அப்பா பேசவேயில்லை. அம்மா, “குளிக்கிறாரு” என்றாள். அதற்கு முந்தைய ஞாயிறும் குளித்தார்.

அக்கா


டிசம்பர் 28

அன்பு அக்காவுக்கு,

இங்கே நான், அம்மா, அப்பா மூவரும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். குளிர் என்று கேள்விப்பட்டோம்.

கல்லூரியில் எல்லாம் சரி. மாடி வீட்டுப் பூனை நாலு குட்டி போட்டிருக்கிறது. வீட்டுக்காரர் குழாய் மாற்றித் தருவதாக மறுபடியும் சொல்லியிருக்கிறார். அம்மா பள்ளிக்கூடத்தில் புதுத் தலைமையாசிரியை வந்திருக்கிறார், அம்மாவுக்கு அவரைப் பிடிக்கவில்லை.

அப்பாவை டிப்போவிலேயே உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். நல்லதுதான். அலைச்சல் இல்லை.

உனக்குப் பரீட்சை எப்போது முடிகிறது? அம்மா கேட்டு எழுதச் சொன்னாள்.

தம்பி


ஜனவரி 15

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பூனைக் குட்டிகளைப் பற்றி எழுதியிருந்தாய். குழாயைப் பற்றி எழுதியிருந்தாய். டாக்டர் சொன்னதை எழுதவில்லை. பிறகு கடைசியில் அந்தக் கேள்வி.

அந்தக் கேள்வி நம் வீட்டில் எதற்குக் கேட்கப்படும் என்று உனக்கு நினைவிருக்காது. நீ சின்னப் பையன். எனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. முதல் நாள் எழுதிவிட்டு வந்தபோது அம்மா, “எப்போடி முடியுது?” என்று கேட்டாள். அட்டவணை சுவரில் ஒட்டியிருந்தது, ஒட்டியவளே அவள்தான். அன்று மாலை உன்னை அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். நீ உளறிவிடுவாய் என்று. அப்பா தாடி வைத்திருந்தார், வேண்டுதல் என்றார். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு மை படிந்த கையோடு வந்து, “பெரியப்பாவுக்கு ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் திருப்பித் தரணும்” என்றேன். அம்மா என்னை உட்காரவைத்துச் சொன்னாள். பெரியப்பா போய்ச் சேர்ந்து காரியமே முடிந்திருந்தது. “நடுவுல சொன்னா உன் படிப்பும் போயிருக்கும். எது நடந்தாலும் பரீட்சை முடியட்டும்னுதான்” என்றாள். நான் நல்ல மதிப்பெண் வாங்கினேன். அந்தப் பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. இங்கேயும் எடுத்து வந்திருக்கிறேன்.

அதனால் நான் எதுவும் கேட்கப்போவதில்லை. நீயும் சொல்லாதே. படிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

பரீட்சை பிப்ரவரிக் கடைசியில் முடிகிறது என்று அம்மாவிடம் சொல்.

அக்கா


பிப்ரவரி 3

அன்பு அக்காவுக்கு,

இங்கே நான், அம்மா, அப்பா மூவரும் நலம். நீ நன்றாகச் சாப்பிட்டு நன்றாக எழுது.

நீயாக எதையாவது கற்பனை செய்துகொள்ளாதே. நாவல் படித்துப் படித்து உனக்கு எல்லாவற்றிலும் ஒரு கதை தெரிகிறது. அப்பாவுக்குத் தொண்டையில் ஒரு சின்ன வைத்தியம் செய்தார்கள். கொஞ்ச நாள் பேசக் கூடாதாம், அவ்வளவுதான். என்னுடைய பழைய சிலேட்டை எடுத்துக்கொண்டு எழுதிக் காட்டுகிறார். கையெழுத்து டிக்கெட்டில் பேனாவால் கிறுக்குகிற மாதிரியே இருக்கிறது. நேற்று அம்மாவோடு சண்டை போட்டார். அம்மா வாயால், அவர் சிலேட்டால். அவர் எழுதி முடிப்பதற்குள் அம்மா அடுத்த சண்டைக்குப் போய்விட்டாள். அவர் சிலேட்டை அவள் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அதில் ‘வெயிட்’ என்று எழுதியிருந்தது. அம்மாவே சிரித்துவிட்டாள்.

போன ஞாயிறு ரிசீவரில் ரெண்டு தட்டுச் சத்தம் கேட்டிருக்குமே, அது அப்பாதான். பேச முடியாவிட்டாலும் ‘போலாம்’ சொல்லியே ஆக வேண்டும் என்று மாடிப்படி ஏறி வந்தார்.

பிப்ரவரிக் கடைசி என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறாள்.

தம்பி


மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அப்பா சரியாகத் தூங்குகிறாரா? எதையாவது விழுங்க முடிகிறதா? சாதாரணமாகத்தான் கேட்கிறேன்.

இங்கே ஒரு சின்ன மாற்றம். பரீட்சை இன்னும் முடியவில்லை. ஒரு பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள். ஏப்ரலில் இருக்கும் என்று பேச்சு. அம்மாவிடம் வட்டத்தை அழிக்கச் சொல்.

மற்றபடி எழுத அதிகம் இல்லை. விடுதியில் ஆள் நடமாட்டமே இல்லை. சமையலறையில் ஒரே ஒரு தட்டு, என்னுடையது, காய்ந்துகொண்டிருக்கிறது. பக்கத்து அறைக்காரி போன வாரம் ஊருக்குப் போய்விட்டாள். போவதற்கு முன் சுவரில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். இப்போது நான் தட்டினால் சுவர் சுவராகவே இருக்கிறது. நூலகத்தில் விளக்குகளைப் பாதிதான் போடுகிறார்கள். மதியத்தில் அங்கே போய் ஏதாவது ஒரு நாவலை எடுத்துக் கடைசிக்கு முந்தின அத்தியாயம்வரை படித்துவிட்டு மூடிவைக்கிறேன். இப்படி நாலைந்து புத்தகம் ஆகிவிட்டது.

போனில் தட்டுச் சத்தம் கேட்டது. இரண்டு. தெளிவாகக் கேட்டது என்று அப்பாவிடம் சொல்.

அக்கா


ஏப்ரல் 2

அன்பு அக்காவுக்கு,

இங்கே நான், அம்மா, அப்பா மூவரும் நலம். உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

பக்கத்து அறைப் பெண்ணும் நீயும் ஒரே வகுப்பு என்று நவம்பரில் எழுதியிருந்தாய். அவளுக்கு மட்டும் பரீட்சை முடிந்துவிட்டதா?

இதைக் கேட்டு எழுதட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் உன் கடிதத்தை வாங்கி மெதுவாகப் படித்தார். சிலேட்டில் ஏதோ எழுதினார். சரி, அது இப்போது வேண்டாம். அந்தக் கேள்வியையும் விட்டுவிடு.

அம்மா புது வட்டம் போட்டிருக்கிறாள். தினமும் காலையில் காலண்டர் முன்னால் நிற்கிறாள். “என்ன யூனிவர்சிட்டிடா அது, ஒரு டைம்டேபிள்கூட ஒழுங்காப் போடத் தெரியாம? எங்க ஸ்கூல்ல இப்படிப் பண்ணா பேரன்ட்ஸ் கேட்லயே நிப்பாங்க” என்கிறாள்.

நான் கல்லூரிக்கு அவ்வளவாகப் போகவில்லை. பகலில் வீட்டில் ஒருவர் இருந்தால் நல்லது.

நீ நிதானமாக எழுது. அப்பா அப்படித்தான் சொல்லச் சொன்னார்.

தம்பி


மே 5

அன்புள்ள தம்பிக்கு,

நலம். எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

எழுத்துப் பரீட்சை போய், இப்போது செய்முறை என்கிறார்கள். புதிதாகக் கட்டிகள் வார்த்துத் தொட்டியில் போட்டிருக்கிறேன். ஜூன் வரை ஆகும் போலிருக்கிறது. இந்த முறை அச்சுக்கு எண்ணெய் தடவினேன். தொட்டியைக் குனிந்து பார்த்தால் தண்ணீருக்கு அடியில் சாம்பல் நிறத்தில் வரிசையாகக் கிடக்கின்றன. தண்ணீருக்குள் இருக்கும்வரை கட்டிக்கு ஒன்றும் ஆகாது. வெளியே எடுத்தால்தான் நசுக்க வேண்டும். ஆய்வுக்கூடப் பொறுப்பாளர், “யாருக்காக இதெல்லாம்?” என்று கேட்டார்.

போன ஞாயிறு லைன் சரியில்லை. அம்மா பேசியது கேட்டது. அதற்குப் பிறகு எதுவும் சரியாகக் கேட்கவில்லை. இரைச்சல்தான். அப்புறம் துண்டித்துவிட்டது.

கேள்விக்குப் பதில் எழுதவில்லை என்று நினைக்காதே. விட்டுவிடு என்று நீதானே எழுதினாய்.

அக்கா


ஜூன் 20

தம்பிக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? உன்னிடமிருந்து கடிதம் வந்து நாளாகிறது. ஒரு கடிதம் தபாலில் தொலைந்திருக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு இரண்டு தொலைந்திருக்கும் என்று நினைத்தேன்.

லைன் சரியில்லாத அந்த ஞாயிறுக்குப் பிறகு நான் கூப்பிடவேயில்லை. நேற்று மாடி வீட்டு போனுக்குக் கூப்பிட்டேன். வீட்டுக்காரர் எடுத்தார். “அம்மாவும் தம்பியும் வெளில போயிருக்காங்கம்மா” என்றார். பின்னால் யாரும் பேசவில்லை. அந்த வீட்டில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதேயில்லை. “அப்பா?” என்றேன். அவர் இருமினார். பிறகு, “உனக்குப் பரீட்சை முடிஞ்சுதாம்மா?” என்று கேட்டார்.

ரிசீவரை வைத்துவிட்டு அந்த டெலிபோன் கூண்டுக்குள்ளேயே நின்றேன். வெளியே ஒருவர் கண்ணாடியைத் தட்டும்வரை நின்றேன்.

ஆய்வுக்கூடத்துக்குப் போய்த் தொட்டியிலிருந்து கட்டிகளை எடுத்துவிட்டேன்.

பரீட்சை முடிந்துவிட்டது. சொல்.

அக்கா


ஜூலை 4

அன்பு அக்காவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம்.

இதற்கு மேல் என்ன எழுதுவது? மே மாதக் கடைசியில். ஒரு மதியம். ஆஸ்பத்திரியில் இல்லை, வீட்டில், தன் கட்டிலில். நான் பக்கத்தில் இருந்தேன். கடைசியில் வலி குறைய மருந்து கொடுத்திருந்தார்கள். அவர் டிப்போவிலிருந்து எல்லாரும் வந்திருந்தார்கள். தெருவே பேருந்து நிலையம் மாதிரி இருந்தது.

உனக்குத் தந்தி கொடுக்க எழுந்தேன். அம்மா வாசலில் நின்றுகொண்டாள். “முடியட்டும்டா. ஜூன்னு எழுதியிருக்கா. இப்ப சொன்னா ரெண்டும் போயிடும்” என்றாள். அவள் அழவில்லை. காலண்டரில் ஜூனைப் புரட்டி வட்டத்தைக் காட்டினாள். உனக்குப் பரீட்சை எப்போதோ முடிந்துவிட்டது என்று நான் அவளிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அது தெரிந்தால் அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

எனக்கு மார்ச்சிலேயே தெரியும். அப்பாவுக்கும் தெரியும். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று அவர் சிலேட்டில் எழுதியதை இப்போது சொல்லலாம். ‘தூங்கற மாதிரி நடிக்கிறா. எழுப்பாதே.’ நான், “அப்பா, நேரம் ஆயிட்டிருக்கு” என்றேன். அவர் அதை அழித்துவிட்டு எழுதினார்: ‘அவளுக்கு முடியலன்னா எனக்கும் டைம் இருக்குடா.’ பிறகு அந்தத் தோள் குலுங்குகிற சிரிப்பு. அதற்குப் பின் ஒவ்வொரு முறை நீ தள்ளிவைத்தபோதும் அவருக்குச் சந்தோஷமாகவே இருந்தது, அக்கா. இது உன் ஆறுதலுக்காக எழுதியது இல்லை. ‘ஜூன்’ என்று நீ எழுதியிருந்ததைப் படித்துக் காட்டியபோது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

ஆனால் ஒன்று இருக்கிறது. அதை உன்னிடம் கேட்காமல் இருக்க முடியவில்லை. மே மாத முதல் ஞாயிறு. லைன் சரியில்லை என்று எழுதியிருந்தாயே, அன்று. மாடிப்படி ஏற முடியாமல் நானும் வீட்டுக்காரரும் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். அம்மா பேசி முடித்ததும் ரிசீவரை அவர் பக்கம் நீட்டினாள். ஒரு தட்டுத் தட்டினார். கை மறுபடி உயர்ந்தது. எனக்கு நன்றாகத் தெரியும், உயர்ந்தது. அப்புறம் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டார். அம்மா, “தட்டியாச்சா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். லைன் துண்டிக்கவில்லை, அவள்தான் வைத்தாள்.

கையில் தெம்பில்லாமல் நிறுத்தினாரா, அவ்வளவுதான் தட்ட நினைத்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. தினமும் அதையே நினைக்கிறேன்.

நீ எத்தனை தட்டுக் கேட்டாய்? கேட்டதா?

ஓட்டைவாயாகவே இருந்திருக்கலாம்.

தம்பி


ஜூலை 17

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும்.

இருபத்தாறாம் தேதி காலையில் வந்து சேருகிறேன். நீ வர வேண்டாம், அம்மாவைத் தனியாக விடாதே. பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறேன் என்று அவளிடம் சொல்.

சிலேட்டை அழிக்காமல் இருந்தால் அப்படியே வை.

நீ கேட்டதற்குப் பதில். லைன் அன்று நன்றாகத்தான் இருந்தது. அம்மாவின் வளையல் சத்தம்கூடக் கேட்டது.

ஒன்று.

அக்கா